கூரையில் ஒரு நீலத் தகடு: கென்யாவின் தவணை சோலார் பெட்டி எப்படி?

மண் சுவர், தகரக் கூரை, கூரையின் மேல் ஏ4 தாளைவிடச் சற்றே பெரிய நீல சோலார் தகடு. மேற்கு கென்யாவின் கிராமச் சாலைகளில் இந்தக் காட்சி அடிக்கடி கண்ணில் படும். கென்யாவுக்குப் பயணம் போய் ஊர் திரும்பியவர்களின் கைப்பேசிகளில் இந்தப் படம் கட்டாயம் இருக்கும். வறுமைக்கு நடுவே ஒரு நம்பிக்கை என்று அதன் கீழே எழுதியும் வைப்பார்கள். அந்த நம்பிக்கை பொய்யில்லை. ஆனால் தகட்டிலிருந்து இறங்கும் வயர் ஒரு பூட்டுப் போட்ட பெட்டிக்குள் போகிறது என்பது படத்தில் தெரியாது. அன்றைய பணம் கட்டினால் விளக்கு எரியும், கட்டாவிட்டால் எரியாது. நாம் மதிப்பிட வேண்டியது பெட்டியை மட்டுமல்ல, அந்தப் பூட்டையும்தான்.

முதலில் பெட்டியின் கதை. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவையைக் கென்யாவில் தொடங்கியது. ஸ்வாஹிலியில் பெசா என்றால் பணம். வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் இருபது, ஐம்பது ஷில்லிங்கைக்கூட எஸ்எம்எஸ் போல அனுப்ப முடிந்தது. தவணை சோலார் இந்த அடித்தளத்தின் மேல் எழும்பியது. எம்-கோபா நிறுவனம் 2012இல் விற்பனையில் இறங்கியது. கோபா என்றால் கடன் வாங்குதல். பெயரிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். பிறகு பல நிறுவனங்கள் இதே வழியில் வந்தன. 2015 வாக்கில் எம்-கோபாவின் அடிப்படைப் பெட்டிக்கு முன்பணம் 2,999 ஷில்லிங், அதன்பின் நாளுக்கு 50 ஷில்லிங் வீதம் 365 நாள். பெட்டியில் 8 வாட் பேனல், பேட்டரியோடு கூடிய கட்டுப்பாட்டுப் பெட்டி, எல்இடி விளக்குகள், ஒரு கை டார்ச், ஒரு ரேடியோ, கைப்பேசி சார்ஜ் செய்யும் வயர்கள் இருந்தன. இன்று சந்தையில் இருக்கும் சிறிய பெட்டிகளும் ஏறக்குறைய இதே அச்சுதான்.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் அதற்கு முன் அந்த வீட்டில் என்ன எரிந்தது என்று பார்க்க வேண்டும். தகர டப்பாவில் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கு; கென்யாவில் கொரோபோய் என்பார்கள். அதன் வெளிச்சம் பத்து லூமனைத் தாண்டுவது அரிது. எரியும் எண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் வெறும் கரியாகவே வெளியேறுகிறது என்று அளந்திருக்கிறார்கள். புத்தகத்தை அரை மீட்டர் தள்ளி வைத்தால் தாளின் மேல் விழும் வெளிச்சம் இரண்டு, மூன்று லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு). படிக்கிற பிள்ளை சுடர் அருகே குனியும், குனியக் குனியப் புகையை இழுக்கும். போதாக்குறைக்கு, கைப்பேசியைச் சார்ஜ் செய்யக் கடைத்தெருவுக்கு நடந்து ஒவ்வொரு தடவையும் 20 ஷில்லிங் வரை கொடுக்க வேண்டும். 2018 செப்டம்பரில் அரசு மண்ணெண்ணெய்க்கு லிட்டருக்கு 18 ஷில்லிங் கலப்படத் தடுப்பு வரி வேறு போட்டது. டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதைத் தடுக்க வந்த வரி, கொரோபோய் ஏற்றுகிறவர்களின் தலையில் விழுந்தது.

அந்த இடத்தில் 100 லூமன் எல்இடி ஒன்று வந்தால் அது வேறு உலகம். ஒரே விளக்கில் பத்து மடங்கு வெளிச்சம், புகை இல்லை, தீ விபத்துப் பயம் இல்லை. விளக்காக மட்டும் பார்த்தால் இந்தப் பெட்டிகளில் குறை சொல்ல அதிகமில்லை. விளக்கைக் கூரை உச்சியில் மாட்டிவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று வருந்துகிறவர்களே அதிகம். கீழ்நோக்கி வெளிச்சத்தைப் பரப்பும் 100 லூமன் விளக்கு 1 மீட்டர் உயரத்தில் தொங்கினால் நேர் கீழே சுமார் 30 லக்ஸ் கிடைக்கும். 2 மீட்டருக்கு ஏற்றினால் அது நாலில் ஒரு பங்காகி 8 லக்ஸுக்கு வந்துவிடும். எனவே ஒரு விளக்கை அறையின் நடுவே உயரத்திலும், இன்னொன்றைப் படிக்கும் மேசைக்கு ஒரு கை உயரத்திலும் தொங்கவிட வேண்டும். வயரை ஒரு முடிச்சுப் போட்டு இறக்கினால் போதும், செலவு ஏதுமில்லை.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு என்பதால் முழு வெயிலுக்குச் சமமாக நாளுக்கு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். 8 வாட் பேனல், 5 மணி, 40 வாட்-மணி. சூடு, தூசு, வயர், பேட்டரி எல்லாவற்றிலும் போகிற 30 சதவீதத்தைக் கழித்தால் கைக்கு வருவது 28. மூன்று 1.2 வாட் விளக்குகள் ஐந்து மணி நேரம் எரிந்தால் 18 ஆகும். பட்டன் போன் ஒன்றுக்கு இழப்போடு சேர்த்து 5, ரேடியோ நாலு மணி நேரத்துக்கு 4. மொத்தம் 27, கச்சிதமாக அடங்கிவிடுகிறது. இந்தப் பெட்டியை வடிவமைத்தவர்கள் அந்த வீட்டின் மாலைப் பொழுதை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் நுழைந்ததும் கணக்கு உடைந்துவிடும். 4,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி நிரம்ப இழப்போடு சேர்த்து 20 வாட்-மணி வேண்டும், அதாவது விளக்குகள் மூன்றின் இரவுச் செலவைவிட அதிகம். எட்டு மணிக்கே விளக்கு மங்குகிறது, பெட்டி கெட்டுவிட்டது என்று புகார் வரும் வீடுகளில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஸ்மார்ட்போனைக் காலை பத்திலிருந்து மாலை மூன்றுக்குள், வெயில் ஏறும்போதே சார்ஜில் போட வேண்டும். இரவில் போடக் கூடாது.

டிவி வேண்டுமென்றால் இது வேறு வகுப்பு. பேட்டரியில் நேராக ஓடும் 24 அங்குல டிசி டிவி நாலு மணி நேரம் ஓட 60 வாட்-மணியாவது பிடிக்கும். 8 வாட் பேனலோடு அதைச் சேர்த்து விற்க வந்தால் வாங்கக் கூடாது.

பொருத்துவதில் பலரும் தவறுகிறார்கள். கென்யாவில் மபாட்டி எனப்படும் நெளிதகரக் கூரையில் ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் மழைநீர் அந்த ஓட்டை வழியே உள்ளே இறங்கும். நிலநடுக்கோட்டில் இருப்பதால் பேனல் வடக்கைப் பார்க்கிறதா, தெற்கைப் பார்க்கிறதா என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் 10 முதல் 15 டிகிரி சரிவு இருந்தே ஆக வேண்டும், சரிவு இருந்தால்தான் மழை அழுக்கைக் கழுவிக்கொண்டு போகும். மட்டமாகப் படுத்த பேனலில் செம்மண் தூசு திட்டாகத் தங்கும். செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் ஒரு வரிசை மறைந்தாலே மொத்த மின்சாரமும் விழும். வாழை இலையின் நிழலும் அதே வேலையைச் செய்யும். கூரையில் நிழல் விழுகிறது என்று வயரை நீட்டி முற்றத்துக்குக் கொண்டுபோனால் அங்கே வேறு சிக்கல். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 10 மீட்டர் நீட்டினால் போகவர 20 மீட்டர். அதில் 1.3 ஆம்பியர் ஓடும்போது 0.9 வோல்ட் வயரிலேயே விழுந்துவிடும். 6 வோல்ட் பேனலுக்கு அது 15 சதவீதம். பெட்டியோடு வந்த வயருக்குள் வேலையை முடிப்பதே நல்லது. நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தடித்த வயரைப் போட வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் இப்போதைய நல்ல பெட்டிகளில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்; முறையாக நடத்தினால் இரண்டாயிரம் தடவைகூட நிரம்பி இறங்கும். பழைய வகை ஈய-அமில பேட்டரியை ஆழமாக இறக்கி ஏற்றினால் சில நூறு தடவைக்கு மேல் தாங்காது. காலியாகவே விட்டால் அதற்கும் முன்பே செத்துவிடும். எனவே விற்பவரிடம் பேட்டரி என்ன வகை என்று கேட்டே வாங்க வேண்டும். பெட்டியைத் தகரத்தின் அடியில் ஒட்டிவைக்கக் கூடாது, நடுப்பகலில் அந்த இடம் அடுப்பாகக் காயும். மண் சுவரில் மார்பு உயரத்தில் மாட்டினால் நீண்ட நாள் நிற்கும்.

பூட்டு இரண்டு விதத்தில் வேலை செய்யும். முதல் வகையில் பெட்டிக்குள்ளேயே ஒரு சிம் உண்டு. பணம் வந்ததும் நிறுவனத்தின் சர்வர் செய்தி அனுப்பும், பெட்டி தானே திறக்கும். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கு வீடுகளில் பணம் கட்டியும் இருட்டாக இருக்கும். அப்போது பெட்டியைக் கழற்றிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். இரண்டாம் வகையில் பெட்டி மேல் கீபேட் இருக்கும். எம்-பெசாவின் பே பில் மெனுவில் நிறுவன எண்ணையும் கணக்கு எண்ணையும் அடித்துப் பணம் அனுப்பினால் எஸ்எம்எஸ்ஸில் ஒரு குறியீட்டு எண் வரும். அதைத் தட்டினால் கட்டிய நாட்களுக்குத் திறக்கும். சிக்னல் தேவை கைப்பேசிக்கு மட்டும்தான். மலைப் பகுதிக்கு இதுவே உகந்தது. தப்பு நடப்பது பெரும்பாலும் கணக்கு எண்ணில், ஒரு இலக்கம் மாறினால் பணம் அடுத்தவர் வீட்டு விளக்கை ஏற்றும். பெட்டியின் அடியில் உள்ள எண்ணை மார்க்கரால் சுவரில் பெரிதாக எழுதிவைப்பது நல்ல வழக்கம். கடைசித் தவணைக்குப் பின் வரும் நிரந்தரத் திறப்பு எண்ணைத் தாளிலும் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். கைப்பேசி தொலைந்தால் அதோடு அந்தச் செய்தியும் போய்விடும்.

இனி பணம். 2,999ஓடு 50 வீதம் 365 நாள் சேர்த்தால் 21,249 ஷில்லிங். இதில் பெட்டியின் விலை எவ்வளவு, கடனின் விலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வழி எளிது. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். 16,000 என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். முன்பணம் போக உண்மையில் கடனாக நின்றது 13,001, கட்டியது 18,250, கூடுதல் 5,249. நூற்றுக்கு நாற்பது என்று தோன்றும். ஆனால் கடன் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வருகிறது, சராசரியாகப் பாதித் தொகைதான் ஆண்டு முழுக்க நிற்கிறது. அப்படிப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு 70 சதவீதத்தைத் தாண்டும். ரொக்க விலையைச் சொல்ல மறுக்கும் முகவரிடம் வாங்கவே கூடாது, மறைக்க ஏதோ இருக்கிறது.

இவ்வளவு வட்டிக்கு ஏன் வாங்குகிறார்கள்? இந்தக் கேள்வியைப் பயணம் போய்வந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வாங்குகிறவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. அது தவறு. வாரத்தில் மூன்று நாள் கூலி, ஒரு நாள் முட்டை விற்ற காசு, ஊரில் இல்லாத மகன் அனுப்பும் ஐந்நூறு என்று வருமானமே சில்லறையாக வரும் வீட்டில் 16,000 ஷில்லிங் ஒருசேர நிற்பதற்குள் ஒரு காய்ச்சலோ பள்ளிக் கட்டணமோ அதை எடுத்துக்கொண்டு போய்விடும். அதே வீடு முன்பு மண்ணெண்ணெய்க்கும் போன் சார்ஜுக்கும் அன்றாடம் சில்லறையாகச் செலவழித்துக்கொண்டுதான் இருந்தது. ஒன்றும் மிஞ்சாமல் எரிந்துபோன அந்தக் காசு இப்போது ஒரு பொருளாகச் சேர்கிறது. 365 நாள் கட்டி முடித்த வீட்டுக்கு மறுநாளிலிருந்து வெளிச்சம் இலவசம். கென்யாவுக்குப் போகும் பயணிகள் படமெடுக்கும் அந்த நம்பிக்கைக்கு உண்மையான பொருள் இதுதான்.

பூட்டுக்கும் நியாயம் உண்டு. வாசலில் வந்து நின்று ஏசுகிற தண்டல்காரர் இல்லை. தவணை தவறினால் பல நிறுவனங்களில் அபராத வட்டியும் இல்லை. ஒரு வாரம் கட்டாவிட்டால் ஒரு வாரம் இருட்டு, முடிவுத் தேதி ஒரு வாரம் தள்ளிப்போகும், கட்ட வேண்டிய மொத்தத் தொகை அப்படியே நிற்கும். அன்றாடங்காய்ச்சியின் வருமானத்துக்கு இவ்வளவு பொருந்திப்போகும் கடன் வேறு அதிகம் இல்லை. 365 நாளில் முடிய வேண்டியது 500 நாள் இழுத்தாலும் குடும்பம் கடனில் மூழ்காது. ஆனால் ஒப்பந்தத்தில் இத்தனை நாளுக்கு மேல் கட்டாவிட்டால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற வரி இருக்கும். அந்த நாள் எண்ணிக்கை என்ன, முன்பணத்தில் ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்தச் சேவையின் பெரிய குறை மழைக்காலத்தில் தெரியும். மார்ச்சிலிருந்து மே வரை கென்யாவில் நீண்ட மழை. அப்போதுதான் சோள விதைக்கும் உரத்துக்கும் கைக்காசு போகும், குதிரில் பழைய சோளம் தீர்ந்துகொண்டிருக்கும். அதே மாதங்களில் வானம் மூடிய நாட்களில் பேனல் தரும் மின்சாரம் பாதிக்கும் கீழே இறங்கும். பணப்பையும் பேனலும் ஒரே நேரத்தில் வற்றுகின்றன. ஆனால் தவணை அதே 50 ஷில்லிங்தான். பாதி வெளிச்சத்துக்கு முழுத் தவணை என்பது அநியாயம். அறுவடைக்குப் பின் கூடுதலாகவும் மழை மாதங்களில் குறைவாகவும் கட்டுகிற மாதிரி தவணையை அமைப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. குறியீட்டு எண்ணில் நாட்களைக் கூட்டிக் குறைப்பது சர்வரில் ஒரு வரி. பூட்டியிருக்கும் நாளிலும் ஒரே ஒரு விளக்காவது மங்கலாக எரிய விட வேண்டும். பிரசவமோ பாம்போ தவணை பார்த்து வருவதில்லை. இப்படிச் செய்யும் நிறுவனத்தைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டும்.

பூட்டிய நாட்களில் வீட்டார் செய்யும் ஒரு தவறும் உண்டு. எரியாத பெட்டிக்கு வெயில் எதற்கு என்று பேனல் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். கட்டுப்பாட்டுப் பலகை பூட்டிய நிலையிலும் கொஞ்சம் மின்சாரம் உறிஞ்சும், வாரக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் பேட்டரி அடிமட்டத்துக்கும் கீழே போய் மீளாது. பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் பேனல் வயர் மாட்டியே இருக்க வேண்டும்.

விளக்கு வந்தால் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். உகாண்டாவில் நடந்த ஒரு சிறிய சோதனையில் சோலார் விளக்கு கிடைத்த பிள்ளைகள் கூடுதலாக அரை மணி நேரம்போலப் படித்தார்கள், மதிப்பெண் மட்டும் உயரவில்லை. போதிய சார்ஜ் இல்லாமல் விளக்கு துடித்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொன்னார்கள். அதே உகாண்டாவில், கடனை அடைத்து முடித்த பெட்டியையே ஈடாக வைத்துப் பள்ளிக் கட்டணக் கடன் கொடுத்துப் பார்த்தார்கள். தவணை தவறினால் விளக்கு பூட்டும் என்ற ஏற்பாடு இருந்தபோது கடன் தவறுவது 19 சதவீதப் புள்ளி குறைந்தது, பள்ளிச் சேர்க்கையும் கூடியது. ஆக, பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோனது வெளிச்சத்தைவிட அந்தப் பெட்டி கொண்டுவந்த கடன் வாங்கும் தகுதி. கூடவே கட்டி முடித்த பெட்டி மறுபடியும் பூட்டுக்குள் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாவது கடன் பள்ளிக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ என்றால் யோசிக்கலாம், டிவிக்கு என்றால் வெளிச்சத்தைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

பழுது பார்ப்பதில் நிலைமை மோசம். கென்யாவில் திறந்த வெளியில் வேலை செய்யும் கைவினைஞர்களை ஜுவா காலி என்பார்கள், கொளுத்தும் வெயில் என்று பொருள். ரேடியோவோ பம்போ எதைக் கொடுத்தாலும் பிரித்து ஓடவைக்கிற கைகள் அவை. ஆனால் இந்தப் பெட்டியில் பிளக் ஒரு நிறுவனத்துக்கு ஒரு வடிவம், திறந்தால் உத்தரவாதம் போகும், பேட்டரியை மாற்றினால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது. மூன்று ஆண்டு கழித்து 3.2 வோல்ட் செல் ஒன்று தேய்ந்தால் மொத்தப் பெட்டியும் குப்பை. தவணை முடிந்த பொருள் வீட்டாருக்குச் சொந்தம் என்றால், அதைப் பழுதுபார்க்கும் உரிமையும் அவர்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். சாதாரண வட்ட பிளக், கடையில் கிடைக்கும் செல் என்று வடிவமைப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

தரத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. உலக வங்கிக் குழுமத்தின் லைட்டிங் குளோபல் திட்டம் தொடங்கிய தரச் சோதனையை 2020இலிருந்து வெராசோல் என்ற திட்டம் நடத்துகிறது. சோதனையில் தேறிய மாடல்களின் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். சிறு விளக்குக்கு 1 ஆண்டு, வீட்டுப் பெட்டிக்கு 2 ஆண்டு உத்தரவாதம் என்பது அவர்கள் கேட்கும் குறைந்தபட்சம். சந்தைக் கடையில் பாதி விலைக்குக் கிடைப்பவற்றில் பேனல் பின்னால் 10 வாட் என்று எழுதியிருந்தாலும் அளந்தால் பாதிகூட வராதவை உண்டு. மல்டிமீட்டர் இல்லாதவர்கள் பேனலின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தாலே போதும். சதுர மீட்டருக்கு 150 வாட் என்று வைத்தால் 10 வாட்டுக்கு 667 சதுர சென்டிமீட்டராவது வேண்டும், ஏ4 தாளைவிடச் சிறியதென்றால் எழுதியிருப்பது பொய்.

மின்கம்பி ஊருக்குள் வந்துவிட்ட இடங்களில் இதை வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். 2015இல் தொடங்கிய கடைசி மைல் மின் இணைப்புத் திட்டத்தில் 35,000 ஷில்லிங்காக இருந்த இணைப்புக் கட்டணம் 15,000 ஆனது. டிரான்ஸ்ஃபார்மர் அருகில் இருந்து, மின்சாரம் ஒழுங்காக வருமென்றால், டிவியோடு வரும் சோலார் பெட்டிக்குக் கொட்டும் பணத்தை இணைப்புக்குச் செலவழிப்பது மேல். சிறிய சோலார் பெட்டி அப்போதும் மின்வெட்டுக்கு உதவும்.

கென்யாவில் பழகிய ஒரு குடும்பத்துக்கு உதவ நினைப்பவர்கள் விமான நிலையத்திலிருந்து விளக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். அதைவிட நல்ல வழி, அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருக்கிறதா என்று கேட்பது. இருந்தால் அதன் நிறுவன எண்ணையும் கணக்கு எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். எம்-பெசா வைத்திருக்கும் எவரும் அந்தக் கணக்கில் பணம் கட்டலாம், வெளிநாட்டிலிருந்து நேராக அவர்கள் எம்-பெசாவுக்கும் அனுப்பலாம். நாளுக்கு 50 என்றால் முப்பது நாளுக்கு 1,500 ஷில்லிங். அனுப்பும் மாதம் டிசம்பர் வேண்டாம், ஏப்ரலாக இருக்கட்டும்.